மாமியாரும் நானும் நாலு கப்பலும்

"கப்பல்ல போய்ட்டு வந்தீங்களாமே! எந்தக் கப்பல் நல்லா இருக்கு?"

தஞ்சாவூர் கீழவாசல் மார்க்கெட்டில் வாழைத்தண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தபோதுகூட ஓர் அம்மாள் இப்படிக் கேட்டார். கல்யாண வீட்டில், கோவில் பிராகாரத்தில், பல் டாக்டரிடம் காத்திருக்கும் வரிசையில் என்று எங்கே போனாலும் இதே கேள்விதான். கேட்பதில் தப்பே இல்லை. ஒரு குடும்பம் மூன்று நாள் உல்லாசக் கப்பலில் போய் வர ஆகிற செலவில் ஒரு மா நிலத்துக்குப் பல போகம் சாகுபடி பார்த்துவிடலாம்! அவ்வளவு பணத்தைக் கட்டுகிறவர்கள் முன்னாலேயே நாலு இடத்தில் விசாரிக்கத்தானே வேண்டும்?

நான் போனது இரண்டே கப்பல். ஆனால் என் மாமியார் நாலு கப்பல் கண்டவர். அதனால் மார்க் போடுகிற உரிமை அவருக்குத்தான். அத்தையின் கணக்கு ரொம்ப எளிது. "சோறு எப்படி, கக்கூஸு எப்படி, பக்கத்துல படுக்கிறவ எப்படி. இந்த மூணையும் பாரு. மத்ததெல்லாம் சீரியல் பல்பு!" என்பார். நான் எத்தனையோ விளம்பரங்களைப் படித்துப் பார்த்துவிட்டேன். இதைவிட நல்ல அளவுகோல் எனக்கு அகப்படவில்லை.

அத்தையின் முதல் கப்பல் ரஜூலா. நம் பக்கத்துப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் அந்தப் பெயரைச் சொல்லும்போது முகம் மலரும். 1926ல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தம். இரண்டாம் உலக யுத்தத்தில் சிப்பாய்களையும் ஏற்றியிருக்கிறது. சென்னையில் கிளம்பி, நாகப்பட்டினம் வந்து, பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று போய்த் திரும்பும். சுமார் 8,500 டன்தான். இன்றைய கப்பல்களின் பக்கத்தில் நிறுத்தினால் குட்டி மாதிரி இருக்கும். அதில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள்!

கீழத்தஞ்சையில் அந்த நாளில் மலாயாவில் உறவு இல்லாத தெருவைப் பார்ப்பது அபூர்வம். கூத்தாநல்லூர், நாகூர்ப் பக்கம் கப்பலேறிச் சம்பாதிக்கப் போனவர்களுக்குச் 'சபராளி' என்றே பெயர். இது புதுப் பழக்கமும் இல்லை. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படை அனுப்பிய கடாரம், பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கிற இன்றைய கெடாதான். மாமனார் படையெடுத்துப் போகவில்லை. பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதப் போனார்!

அவர் கடிதம் போட்டு வரச் சொன்ன பிறகு, 1965ல் அத்தை கப்பலேறினார். வயது பத்தொன்பது. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை (அதுதான் என் நாத்தனார்). நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஜனங்கள் படகில் போய் ஏற வேண்டும்.

"படகு ஏறி எறங்குது. கப்பல்லேருந்து தொங்குற ஏணி அந்தப் பக்கம் ஆடுது. முன்னபின்ன தெரியாத ஒரு பாய் கையில புள்ளயக் குடுத்துட்டுத்தான் நான் ஏணியப் புடிச்சேன். திரும்பிப் பாத்தா எங்கம்மா கரையில சின்னதாத் தெரியுறாங்க. சேலை நிறத்த வச்சுத்தான் அடையாளம்."

அதுதான் அத்தை தன் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது. 1970ல் தந்தி வந்தபோது காரியமே முடிந்திருந்தது. அடுத்த கப்பலில் வந்திருந்தாலும் பதினாறாம் நாளுக்குக்கூட வந்து சேர்ந்திருக்க முடியாது.

ரஜூலாவில் தட்டுப் பிரயாணிகளுக்கு அறை கிடையாது. பாய் விரித்த இடம்தான் வீடு, டிரங்குப் பெட்டிதான் சுவர். சாப்பாடு கப்பலிலேயே போடுவார்கள். ஆனாலும் அத்தை ஒரு தூக்கில் புளியோதரையும், ஒரு டப்பாவில் பொருள்விளங்கா உருண்டையும், உப்பு நார்த்தங்காயும் கொண்டு போயிருந்தார். கடைசியில் கைகொடுத்தது நார்த்தங்காய் மட்டும்தான்! ஏறின மறுநாளே தலைசுற்றல், வாந்தி. இரண்டு நாள் பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்துப் பாயில் கூத்தாநல்லூர்க்காரர் ஒருத்தர், அவரும் கைக்குழந்தைக்காரர். தன் பிள்ளையோடு சேர்த்து அத்தையின் பிள்ளைக்கும் பால் கொடுத்தாராம். குழந்தையின் துணியெல்லாம் துவைத்துக் கம்பியில் உலர்த்தினாராம். "சோத்துக்கு முப்பது மார்க் போடலாம். கக்கூஸுக்குப் போடவே கூடாது. பக்கத்துல படுத்தவளுக்கு நூத்துக்கு நூறு" என்பது ரஜூலாவுக்கு அத்தையின் தீர்ப்பு.

1974ல் குடும்பத்தோடு ஊர் திரும்பியது எம்.வி. சிதம்பரம் கப்பலில். பிரெஞ்சுக்காரர்கள் 1966ல் 'பாஸ்தர்' என்ற பெயரில் ஓட்டிய கப்பல் அது. இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் 1972ல் வாங்கிப் பெயரை மாற்றியது. ரஜூலாவைப் போல இரண்டு மடங்கு பெரிசு. பாய்க்குப் பதிலாக அடுக்குக் கட்டில். "என் புள்ள மேல் கட்டில்லேருந்து உருண்டுடுவானோன்னு ராத்திரியெல்லாம் காலைப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்" என்பார். அந்தப் பிள்ளை 1968ல் பினாங்கில் பிறந்த என் கணவர்தான்! ரஜூலா அதற்கு முந்தின வருஷமே இந்தத் தடத்திலிருந்து விலகியிருந்தது. சிதம்பரத்துக்கு வந்த முடிவு இன்னும் துக்கமானது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றிப் பல உயிர்கள் போயின. அதற்கப்புறம் அந்தக் கப்பல் பிரயாணிகளை ஏற்றவே இல்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்போதைய கப்பல் எதில் ஏறினாலும் முதல் காரியமாக ஆபத்து ஒத்திகை ஒன்று வைக்கிறார்கள். மணி அடித்தால் எந்தக் கூடத்தில் கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிக் கட்டிக்கொள்வது என்று காட்டுவார்கள். பாதிப் பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் அத்தை மட்டும் முன்வரிசையில் நின்று, குழந்தைக்கு உண்டான சின்ன மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் நகர்ந்தார்.

நாங்கள் முதலில் போனது சென்னையிலிருந்து. கார்டீலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்' கப்பல் 2022 ஜூனில் சென்னையில் பயணம் தொடங்கியது. அந்த வருஷமே இரண்டு ராத்திரி ஆழ்கடல் வரை போய்த் திரும்புகிற சீட்டு எடுத்தோம். 1990ல் கட்டிய கப்பல், 11 தளம், ஏறக்குறைய 800 அறைகள், சுமார் 48,000 டன். உள்நாட்டுப் பயணமானதால் பாஸ்போர்ட் வேண்டியிருக்கவில்லை. ஆதார் கார்டே போதுமாக இருந்தது. வயசானவர்களை முதன்முதலாகக் கூட்டிப் போகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம். பாஷைத் தொல்லையும் இல்லை. கப்பல் நடுத்தர அளவானதால் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம், அங்கிருந்து மொட்டைத்தளம் என்று அத்தையால் கைத்தடி இல்லாமலே நடந்து வர முடிந்தது.

சாப்பாடு நம்ம சாப்பாடு. வெங்காயம் பூண்டு சேர்க்காத ஜைன சமையல்கூட உண்டு. காலையில் இட்லி, மத்தியானம் தயிர்சாதம். அத்தை சாதத்தை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். "பொன்னி இல்ல. இருந்தாலும் வெந்திருக்கு" என்று அறுபது மார்க் போட்டார். அறை ரொம்பக் கச்சிதம், குளியலறை இன்னும் கச்சிதம். ஆனால் வெந்நீர் எப்போது திறந்தாலும் வந்தது. "ரஜூலாவுல இந்தக் குழா ஒண்ணு இருந்திருந்தா..." என்று அத்தை குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ராத்திரி சினிமாப் பாட்டும் ஆட்டமுமாகக் கப்பலே கல்யாண மண்டபம்தான். கூட்டுக் குடும்பமாக, கலகலப்பாகப் போகிறவர்களுக்குப் பிடிக்கும். அமைதியாகக் கடலைப் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் பாட்டரங்கத்துக்கு நேர் மேலேயோ கீழேயோ அறை வாங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்தக் கப்பலுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது சிங்கப்பூர். என் மகள் அங்கே குடித்தனம். அவளுக்கு இரண்டு வயசில் ஒரு பெண். 2024ல் எல்லோருமாக 'ஜெண்டிங் ட்ரீம்' கப்பலில் பினாங்கு வழியாகப் போய் வந்தோம். ரிசார்ட்ஸ் வேர்ல்டு குரூசஸ் என்ற கம்பெனி 2022 முதல் அதை ஓட்டுகிறது. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் டன்! ரஜூலா மாதிரி பதினேழு கப்பல் அதற்குள் அடங்கும். மூவாயிரம் பேருக்கு மேல் ஏறலாம். சீனச் சாப்பாடு, மலாய்ச் சாப்பாடு, ஹலால் சமையல், இந்தியச் சைவம் என்று எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. மூன்று தலைமுறையும் மூன்று விதமாகச் சாப்பிடுகிற வீட்டுக்கு இது சரியான கப்பல். மகள் நூடுல்ஸ் பக்கம், நான் ரொட்டிப் பக்கம், அத்தை சாதம், பருப்பு, ஊறுகாய்ப் பக்கம். சாதம் பாஸ்மதி. "வாசனை இருக்கு, வயிறு நிறையல" என்று ஐம்பது மார்க்.

பெரிய கப்பலில் ஒரு சங்கடம், நடை. ஒரு கோடியிலிருந்து மறு கோடி போவதற்குள் அத்தைக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. லிப்ட் பக்கமாக, கப்பலின் நடுப்பாகத்தில் அறை கேட்டு வாங்கியிருந்தால் பாதி நடை மிச்சம். நடுவில் இருக்கும் அறைக்கு இன்னொரு லாபமும் உண்டு. சீசாப் பலகையைப் பாருங்கள், ஓரத்தில் உட்கார்ந்தால் அதிகம் ஆடும். கப்பலும் அப்படித்தான். முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பாகம் ஆடுவது குறைவு. கீழ்த்தளமாக இருந்தால் இன்னும் குறைவு. போதாததற்கு இன்றைய கப்பல்களுக்குத் தண்ணீருக்கடியில் மீன் துடுப்பு மாதிரி இரண்டு பக்கமும் தகடுகள் இருக்கின்றன. கப்பல் ஒரு பக்கம் சாயப் பார்த்தால் அவை எதிர்ப்பக்கம் தள்ளும். அதனால் அத்தைக்கு இந்த முறை தலைசுற்றல் இல்லை. ஆனாலும் நார்த்தங்காய் டப்பா கைப்பையை விட்டு இறங்கவில்லை!

பினாங்கு வந்த காலையில் அத்தை விடியுமுன்பே எழுந்து தளத்தில் போய் நின்றுவிட்டார். ஜார்ஜ் டவுன் மெல்ல மெல்லத் தெரிந்தது. என் கணவர் தான் பிறந்த ஊரைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். அத்தை ஒன்றும் பேசவில்லை. கப்பல் மேடையை ஒட்டி நின்றதும், "படகு வேணாமா? நேரா எறங்கிடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

பக்கத்தில் படுக்கிறவருக்கு மார்க் போடத்தான் இந்தக் காலத்துக் கப்பலில் வழியில்லை. நீண்ட நடைவழி, இரண்டு பக்கமும் மூடின கதவுகள். மூன்று ராத்திரியும் எதிர் அறையில் இருந்தது யார் என்றே எங்களுக்குத் தெரியாது. பேத்திக்கு ஒரு ராத்திரி காய்ச்சல் கண்டபோது அத்தை என்னைப் பார்த்து, "யாரையும்மா கூப்பிடறது?" என்றார். கப்பலில் டாக்டர் இருந்தார். வந்து பார்க்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை, விடிவதற்குள் இறங்கிவிட்டது. இருந்தாலும் அந்தக் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் பேத்தியைத் தூக்கிக்கொண்டாள். அவளுக்கும் இதே வயசில் ஒரு குழந்தையாம். ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இந்த வேலைக்கு வந்தால் ஆறு மாதம், எட்டு மாதம் என்று கப்பலோடுதான் வாசம். நாம் 'வேளா வேளைக்குச் சாப்பாடு, விரித்த படுக்கை' என்று சொல்லிக்கொள்கிற ஓய்வு அப்படித்தான் வருகிறது. அத்தைக்கு அவள் பாஷை தெரியாது. பொருள்விளங்கா உருண்டை இரண்டை அவள் கையில் வைத்து மூடினார். அந்தப் பெண்ணுக்கு மட்டும் நூற்றுக்கு நூறு போட்டார்.

மூன்றாவது ஒரு கம்பெனியைப் பற்றி நாத்தனார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ராயல் கரீபியன் கம்பெனியின் 'ஸ்பெக்ட்ரம்' கப்பலில் 2023ல் பேரன்களோடு சிங்கப்பூரிலிருந்து போய் வந்தார். 2019ல் கட்டியது. கண்ணாடிக் கூண்டில் ஏற்றிக் கப்பலுக்கு மேலே தூக்கிக் காட்டுகிறார்களாம். காற்றில் மிதக்கிற விளையாட்டு, மோதுகிற கார் எல்லாம் உண்டாம். எட்டு வயசுக்கு மேற்பட்ட பையன்கள் இருக்கிற வீட்டுக்குப் பிரமாதம் என்றார். சைவச் சாப்பாடு கிடைக்கிறது, ஆனால் சீட்டு வாங்கும்போதே சொல்லி வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய யோசனை. ஆக, வயசான பெற்றோரோடு போகிறவர்களுக்குச் சென்னைக் கப்பல் மாதிரி அடக்கமானது, பலவிதச் சாப்பாடு வேண்டும் என்றால் ஜெண்டிங், துள்ளுகிற பிள்ளைகளுக்கு ராயல் கரீபியன். இது என் அபிப்பிராயம்தான். கப்பல்களைத் தடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால் நீங்கள் கிளம்புகிற சமயத்தில் எந்தக் கப்பல் எங்கிருந்து ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இளம் தாய்மார்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான கம்பெனிகள் ஆறு மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை. கர்ப்பிணிகளை 24வது வாரம் தொடங்கிவிட்டால் ஏற்றமாட்டார்கள். டாக்டர் சீட்டும் கேட்பார்கள். 'குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு' என்று விளம்பரத்தில் இருக்கும். அநேகமாக அது மூன்று வயசு ஆனவர்களுக்கு, அதுவும் தானாகப் பாத்ரூம் போகத் தெரிந்த குழந்தைகளுக்குத்தான். கைக்குழந்தை உங்கள் பாடு! என் மகள் அந்த மூன்று நாளில் ஒரு நாட்டிய நிகழ்ச்சியாவது முழுசாகப் பார்த்தாள் என்றால் அது கொள்ளுப்பாட்டி புண்ணியம். பால் காய்ச்ச மின்சாரக் கெட்டில், கஞ்சி வைக்கக் குட்டிக் குக்கர், இஸ்திரிப் பெட்டி எதையும் கொண்டு போகாதீர்கள். தீ பயத்தால் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெந்நீரும் மசித்த சாதமும் சாப்பாட்டுக் கூடத்தில் கேட்டால் தருகிறார்கள்.

கை கழுவுகிற விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆயிரம் பேர் ஒரே கரண்டியைத் தொடுகிற இடம். கப்பலில் பரவுகிற வாந்திபேதி பெரும்பாலும் நோரோ வைரஸ் என்ற கிருமியால் வருவது. கையில் தடவுகிற சானிடைசருக்கு அது சரியாக மசியாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடுகிற தண்ணீரில் கழுவினால்தான் போகும். குழந்தைக்குத் தலைசுற்றல் மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். கிளம்புமுன் டாக்டரைக் கேட்டு அளவு தெரிந்துகொள்ளுங்கள். வயிறு காலியாகவும் கூடாது, முட்டவும் கூடாது. தொலைவில் கடலும் வானமும் சேருகிற கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாலே பாதி சரியாகும்.

பண விஷயம். எங்களுக்குச் சீட்டு ஏற்பாடு செய்தவர் 'எல்லாம் உள்ளடக்கம்' என்றுதான் சொன்னார். கப்பலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தனியாக வந்தது. இன்டர்நெட், பாட்டில் பானம், சில ஓட்டல்கள், டாக்டர், மசாஜ் எல்லாமே வெளிக்கணக்குதான். காசு கையில் புழங்காமல் அட்டையைக் காட்டியே வாங்குவதால் செலவு தெரியவே தெரியாது. நான் தினம் ராத்திரி பால்கணக்கு நோட்டு மாதிரி எழுதி வைத்தேன். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் விசாவில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நுழைய அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து இறங்குவது இரண்டாவது நுழைவாயிற்றே!

சரி, இவ்வளவு செலவெல்லாம் நமக்கெங்கே என்கிறவர்களுக்கு நம்ம நாகப்பட்டினமே இருக்கிறது. 2023 அக்டோபரில் அங்கிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குச் 'செரியபாணி' என்ற கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. உல்லாசக் கப்பல் இல்லை. உட்கார்ந்து போகிற நாற்காலிக் கப்பல், நூற்றைம்பது பேருக்கு. நாலு மணி நேரம் வாக்கில் அக்கரை. பாட்டு இல்லை, பாஸ்மதி இல்லை. பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான அனுமதியும் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

அத்தைக்கு இதில் போகத்தான் ஆசை. இலங்கையைப் பார்ப்பதற்கு அல்ல. கடலுக்குள்ளிருந்து நாகப்பட்டினம் கரையை இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். முழங்காலுக்கு டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டு, மழை விட்டு, சம்பா அறுப்பும் முடிந்த பிறகு சீட்டு வாங்கலாம் என்றிருக்கிறோம். நார்த்தங்காய் இப்போதே வெயிலில் காய்கிறது.